மூன்று நிமிடக் கெடு

என் இடத்துக்கு வந்திருக்கும் புதிய பயிற்சியாளர் போன வாரம் தொலைபேசியில் அழைத்தார். பயிற்சி மையத்தில் எல்லாவற்றையும் மாற்றுகிறார்களாம். தொழிற்சாலையைத் திரையில் அப்படியே ஓட்டிக் காட்டும் சிமுலேட்டர் இனி ஷா ஆலம் நகரில் ஓர் அறைக்குள் இருக்காதாம். டெக்னீஷியன்கள் அவரவர் தொழிற்சாலையில் இருந்தபடியே பயிற்சி எடுக்கலாமாம். பரீட்சைக்கான பிழையைக்கூடக் கணினியே தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளுமாம். இத்தனை வருடம் செய்ததில் எது முக்கியம் என்று ஒரு நாலு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன்.

எது முக்கியம் என்று எனக்குத் தெரிந்தால்தானே எழுதுவதற்கு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் மகள் வீட்டு மேசையில் நோட்டுப் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு மூன்று நாளாக உட்கார்ந்திருக்கிறேன். என் மனைவி இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி இருக்கிறீர்கள் என்று சிரித்துவிட்டுப் போனாள். அவளுக்கென்ன, சிரிப்பாள். இருபது வருடத்துக்கு மேல் பிள்ளைகளுக்கு நான் என்ன கற்றுக்கொடுத்தேன் என்பதே எனக்கு இன்றுவரை குழப்பம். அந்தக் குழப்பத்தையே எழுதித் தருகிறேன். வேண்டுமானால் அச்சிடட்டும், வேண்டாமென்றால் தூக்கிப் போடட்டும்.

என் தொடக்க காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிள்ளானில் பிறந்து, கிள்ளானிலேயே ஒரு சமையல் எண்ணெய்த் தொழிற்சாலையில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். அப்போது எல்லாம் காற்றுக் குழாய்தான். வால்வு திறப்பதும் மூடுவதும் காற்றழுத்தத்தில். அளவுகளையெல்லாம் ஒரு பேனா வட்டக் காகிதத்தில் கிறுக்கிக்கொண்டே இருக்கும். பிறகு கணினி வந்தது. டிசிஎஸ் என்பார்கள். தொட்டி, பம்பு, வால்வு, கொதிகலன் அத்தனையும் நாலு திரைக்குள் வந்துவிட்டன. குளிர்சாதன அறையில் ஒருவர் உட்கார்ந்துகொண்டு வெளியே இருப்பதையெல்லாம் ஓட்டுவார். அந்த இருக்கைக்கு எங்கள் பக்கம் போர்டு என்று பெயர். அதில் உட்காருபவர் போர்ட்மேன், பெண்ணாக இருந்தாலும் போர்ட்மேன்தான். போர்டுக்குப் போகும் டெக்னீஷியன்களைத் தயார் செய்யத்தான் என்னை ஷா ஆலம் மையத்துக்கு எடுத்தார்கள். நாற்பது வயதுக்குள் வாத்தியாராகிவிட்டேன்.

மையத்தின் மேலாளர் திரு. சிவபாதம். யாழ்ப்பாணக் குடும்பம், தாத்தா காலத்திலேயே ரயில்வே வேலைக்கு வந்தவர்கள். வயதில் என்னைவிட மூன்று வருடம்தான் மூத்தவர், ஆனால் நடக்கிற நடையில் முப்பது வருடம் மூத்தவர். காலை எட்டு ஐந்துக்கு உள்ளே வருவார். குடையை நாற்காலியின் முதுகில் மாட்டுவார். உடனே உட்கார மாட்டார். முந்தின நாள் பதிவேட்டை நின்றபடியே கடைசி வரி வரை படித்துவிட்டுத்தான் உட்காருவார். எழுதுவது எப்போதும் பென்சிலில். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. தப்பு என்று யாரையும் பார்த்துச் சொன்னதும் இல்லை. பம்பு பழுதாகிவிட்டது சார் என்று நாம் போய் நின்றால், மூக்கை லேசாகத் தடவிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்பார்.

"நீர் பாத்தனீரோ, நினைச்சனீரோ?"

இந்தக் கேள்வியைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் பாதி நேரம் நான் பார்த்திருக்க மாட்டேன். எனக்கு வாய் முந்திக்கொள்ளும். வகுப்பில் கத்துவேன், மார்க்கர் பேனாவை மேசையில் எறிவேன், அரை மணி நேரத்தில் அதே பையனை அழைத்துப் போய் கடையில் தே தாரிக் தேநீர் வாங்கிக் கொடுப்பேன். சிவபாதம் இதையெல்லாம் பார்த்துக்கொண்டு பேசாமல் இருப்பார்.

எங்கள் பரீட்சையில் ஒரு கட்டம் உண்டு. ஒவ்வொருவராக உள்ளே வந்து சிமுலேட்டரின் முன் உட்கார்ந்து, பொய்யான ஒரு தொழிற்சாலையை நாற்பது நிமிடம் ஓட்ட வேண்டும். பக்கவாட்டில், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் புறம் என் மேசை. எனக்குத் தோன்றிய நேரத்தில் நான் ஒரு பிழையைப் போடுவேன். எண்ணெய்த் தொட்டியின் மட்டத்தைக் காட்டும் கருவி அப்படியே உறைந்துவிடும். தொட்டி நிறைந்துகொண்டே போகும், திரையில் மட்டும் ஐம்பத்திரண்டு சதவீதம் என்றே நிற்கும். அலாரம் அடிக்காது. கருவியைக் கேட்டால் எல்லாம் சுகம்தான். ஒழுங்காக வேலை செய்யும் கருவியில் கடைசி எண் ஓயாமல் ஆடும். புள்ளி ஒன்று, புள்ளி மூன்று, புள்ளி இரண்டு என்று ஓரிடத்தில் நிற்காது. உறைந்த கருவியில் அது ஆடாது. அதைக் கவனிக்க வேண்டும். உள்ளே வரும் எண்ணெயையும் வெளியே போகும் எண்ணெயையும் ஒப்பிட வேண்டும். வாக்கி டாக்கியில் வெளியே இருக்கும் ஆளைக் கூப்பிட்டு, தொட்டியோடு ஒட்டியிருக்கும் அளவுக் குழாயை நேரில் பார்த்துச் சொல்லச் சொல்ல வேண்டும். வெளியே இருக்கும் ஆளாகப் பதில் சொல்வதும் நான்தான். அதன்பின் வால்வைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து மூட வேண்டும். பிழை விழுந்த எட்டாவது நிமிடத்தில் தொட்டி வழிந்துவிடும். ஆனால் நான் வைத்த கெடு மூன்று நிமிடம்.

அந்த மூன்று நிமிடம் எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் கெடுவே கிடையாது. தணிக்கைக்கு வந்தவர்கள் ஒரு எண் இருந்தால்தான் ஆயிற்று என்றார்கள். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் பயிற்சி எடுத்தவர்களின் நேரத்தைக் கூட்டி வகுத்தேன், மூன்றுக்குப் பக்கத்தில் வந்தது. எழுதிப் போட்டுவிட்டேன். அதற்குப் பிறகு வந்தவர்களும் இரண்டரை, இரண்டே முக்கால் என்று சர்வசாதாரணமாகத் தாண்டினார்கள். என் பிள்ளைகள் மாதிரி யாருக்கும் வராது என்று எனக்கு மண்டைக்கனம் வேறு.

அந்தச் சமயத்தில் வந்தவள்தான் கலாவதி. சொந்த ஊர், கிள்ளானுக்குப் பக்கத்தில் இருக்கும் காப்பார். முப்பத்துநாலு வயது. மேருவில் ஓர் எண்ணெய்த் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் பேக்கிங் பகுதியில் நின்றவள். சாயங்கால வகுப்பில் படித்து டெக்னீஷியன் சான்றிதழ் வாங்கி, போர்டுக்கு மனுப் போட்டு, எப்படியோ எங்கள் மையம் வரை வந்திருந்தாள். அந்தத் தொழிற்சாலையில் ஒரு விதி: பரீட்சைக்கு மூன்று வாய்ப்பு. மூன்றாவதிலும் தவறினால் பழைய இடத்துக்கே போக வேண்டியதுதான், மறுபடி மனுப் போட முடியாது. முதல் தடவை அவள் எடுத்துக்கொண்டது நாலு நிமிடம் நாற்பது விநாடி. இரண்டாம் தடவை நாலு நிமிடம் இருபது. இரண்டிலும் தோல்வி என்று எழுதினேன்.

அவள் பரீட்சையைப் பார்த்தாலே எனக்குப் பொறுமை போய்விடும். வாக்கி டாக்கியில் வெளியாள் வேடத்தில் இருக்கும் என்னை 'அண்ணே' என்று கூப்பிட்ட ஒரே ஆள் அவள்தான். அளவுக் குழாயைப் பார்த்து, எழுபது தாண்டிவிட்டது என்று நான் சொன்னால், சரி என்று வால்வை மூடிவிட்டுப் போக வேண்டியதுதானே. இவள், "அண்ணே, இன்னொரு தடவ பாத்து சொல்லுங்கண்ணே" என்பாள். அதிலேயே அரை நிமிடம் போய்விடும். நிஜமான தொட்டி உனக்காகக் காத்துக்கொண்டிருக்குமா என்று எல்லார் முன்னாலும் ஏசினேன். சரி சார் என்றாள். குறிப்பு எழுதும் கட்டத்தில் 'மந்தம்' என்று எழுதினேன். அந்த ஒரு சொல்லை எழுதிய கை இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

அவளுடைய மூன்றாவது பரீட்சைக்கு இரண்டு மாதம் முன்பு எனக்குக் கண்புரை அறுவைச் சிகிச்சை நடந்தது. சட்டைப் பையில் ஒரு மூக்குக் கண்ணாடி வைத்திருப்பேன், கிட்டத்தில் சின்ன எழுத்தைப் படிக்க மட்டும் எடுத்துப் போடுவேன். புதிய லென்ஸ் வைத்த பிறகு படிக்கக் கண்ணாடி தேவையில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு ஒரே குஷி. கண்ணாடியை வீட்டு அலமாரியில் போட்டுவிட்டு வேலைக்குத் திரும்பினேன்.

பரீட்சை நாள் வந்தது. எட்டுப் பேர். முதல் ஆள் உள்ளே வந்தான், பிழையைப் போட்டேன். மூன்று நிமிடம் போயிற்று, ஐந்து போயிற்று, பையன் கொதிகலனை அழகாகக் கவனித்துக்கொண்டிருக்கிறான். எட்டாவது நிமிடத்தில் தொட்டி வழிந்து திரை சிவந்தது. சரி, இவன் தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். இரண்டாவது ஆளும் அப்படியே. மூன்றாவது, நாலாவது ஆளும் அதேதான். மதியச் சாப்பாட்டுக்கு முன் நாலு தொட்டி வழிந்தாயிற்று. எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. சிமுலேட்டர் கெட்டுவிட்டது சார் என்று சிவபாதத்திடம் ஓடினேன். வழக்கமான கேள்வியைக் கேட்டார். எனக்கு வந்த கோபத்தில் சிமுலேட்டர் கம்பெனி இன்ஜினியருக்கு நானே போன் போட்டேன். அவர் கோலாலம்பூரிலிருந்து வாகன நெரிசலில் மாட்டி வந்து, ஒரு மணி நேரம் தட்டிப் பார்த்து, எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி, காப்பி குடித்துவிட்டுப் போனார்.

மதியத்துக்கு மேல் ஐந்தாவது தொட்டியும் வழிந்தது. ஆறாவதாக வந்தவள் கலாவதி. பிழையைப் போட்டேன். அவள் திரையை ஒரு முறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். தொட்டியின் எண்ணில் பார்வையை நிறுத்தினாள். விரலை அந்த எண்ணுக்குக் கீழே வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பிறகு வாக்கி டாக்கியை எடுத்து, "அண்ணே" என்றாள். இரண்டு தடவை கேட்டாள். வால்வை மூடினாள். நாலு நிமிடம் முப்பது விநாடி. அன்றைக்குப் பிழையைக் கண்டுபிடித்த ஒரே ஆள் அவள்தான். கெடுவின்படி அவளும் தோல்வி. எட்டுப் பேருக்கும் தோல்வி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

கடைசியாகப் பரீட்சை எழுதியவன் ரஹீம், கிள்ளானில் ஜவுளிக்கடைக்காரர் மகன். எல்லாரும் போன பிறகும் கதவோரம் தயங்கிக்கொண்டு நின்றான். என்ன என்றேன்.

"சார், கோச்சுக்காதீங்க. நீங்க இன்னிக்கு கண்ணாடி போடவே இல்ல லா."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டே விளக்கினான். பிழையைப் போடும் பட்டன் திரையில் மிகச் சின்ன எழுத்தில் இருக்கும். அதைப் படிக்க நான் ஒவ்வொரு முறையும் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டுவேன். தடுப்பு வழியாக அது ஓரக்கண்ணில் தெரியும். சார் கண்ணாடி போட்டால் தொட்டி மட்டத்தைப் பார் என்று ஒரு வகுப்பு அடுத்த வகுப்புக்குச் சொல்லிவிட்டுப் போகுமாம். அவனுக்கு அவன் சீனியர் சொன்னார், அந்தச் சீனியருக்கு அவர் சீனியர். இப்போது வாட்ஸ்அப்பிலும் போகிறதாம். காலையில் நாலு பேர் விழுந்ததும் கேன்டீனில் பெரிய கலவரமாம். சார் எப்போதுதான் கண்ணாடி போடுவார் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டு, யாரும் சோற்றில் கை வைக்கவில்லையாம்.

கத்துவதற்கு வாயைத் திறந்தேன். யாரைப் பார்த்துக் கத்துவது? அந்தப் பிள்ளைகள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்கள். அதை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது யார்? போ என்று அவனை அனுப்பிவிட்டு சிவபாதத்தின் அறைக்குப் போனேன்.

நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். எழுந்து போய்ப் பழைய பதிவேடுகளை இறக்கினார். வருடம் வருடமாக விரலால் தடவிக்கொண்டே வந்தார். முதல் வருடங்களில் நாலு நிமிடம், ஐந்தரை நிமிடம், ஆறு நிமிடம் என்றெல்லாம் இருந்தது. ஓரிடத்தில் சட்டென்று எல்லா எண்ணும் மூன்றுக்குக் கீழே இறங்கியது. அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டார்.

"நீர் எப்ப முதல் கண்ணாடி வாங்கினனீர்?"

யோசித்துச் சொன்னேன். அந்தக் கோட்டுக்கு நேரே இருந்த வருடம்தான். நான் கெடுவுக்காகக் கூட்டி வகுத்த இரண்டு வருடமும் அதற்கு அடுத்த இரண்டு வருடம்தான். என் மூக்கைப் பார்த்துப் பரீட்சை எழுதியவர்களின் நேரத்தை அளவாக வைத்துக்கொண்டு, திரையைப் பார்த்து எழுதியவளை மூன்று முறை தோற்கடித்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்திலும் என் வாய் சும்மா இருக்கவில்லை. பாவம், அவள் உட்கார்ந்த கோணத்துக்கு என் முகம் தெரிந்திருக்காது சார், விவரம் அவளுக்குத் தெரியாது என்றேன். அதற்கும் அவர் அதே கேள்வியைக் கேட்டார்.

மறுநாள் காலை சிவபாதம் என்னைப் பரீட்சை அறைக்கு அழைத்துப் போய், போர்டு நாற்காலியைக் காட்டி, "இரும்" என்றார். அவர் போய் என் மேசையில் உட்கார்ந்தார். எப்போது பிழை வரும் என்று தெரியாமல் அந்த நாற்காலியில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. இருபது நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. கழுத்து வலித்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் ஓரக்கண்ணால் அவர் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் காலையிலிருந்து மாலைவரை கண்ணாடி போடுகிறவர், அந்த முகத்தில் படிக்க ஒன்றுமில்லை. நான் எண்ணைக் கவனித்து, ஒப்பிட்டு, வால்வை மூடியபோது ஆறு நிமிடம் பத்து விநாடி ஆகியிருந்தது. அவர் அதைப் பென்சிலால் எழுதி, தாளை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் போனார்.

பரீட்சை செல்லாது, மறுபடி நடத்தப்படும் என்று எல்லாத் தொழிற்சாலைகளுக்கும் அவரே கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினார். பழைய ஆட்களையும் ஒரு நாள் வரவழைத்துப் பார்க்க வேண்டும் என்று எழுதினார். சில இடங்களில் ஒத்துக்கொண்டார்கள், சிலர் பதிலே போடவில்லை. என் பங்குக்கு நானும் பழைய பிள்ளைகளுக்குப் போன் போட்டுப் பார்த்தேன். எல்லாரும் நன்றாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும், போர்டில் உட்கார்ந்த முதல் மாதம் ஒன்றுமே புரியவில்லை, பிறகு தானாக வந்துவிட்டது என்றான். கேட்டு எனக்கு நிம்மதியாக இருந்ததா, வயிறு எரிந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. தானாக வரும் என்றால் நான் எதற்கு? வராமல் போன ஒருவன் எங்காவது இப்போது போர்டில் உட்கார்ந்திருந்தால் அதற்கு யார் பொறுப்பு?

கலாவதி விஷயம் சிக்கலாகிவிட்டது. நான் கையெழுத்துப் போட்ட முடிவு அன்று மாலையே அவள் தொழிற்சாலைக்குப் போயிருந்தது. மறுவாரம் அவளைப் பேக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்கள். எங்கள் கடிதம் போனதும், அவளே கேட்டால் மறு பரீட்சைக்கு விடுவோம், அதுவரை போர்டு இடத்தைக் காலியாக வைத்திருக்கிறோம், மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும் என்றார்கள். அவள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம்.

மாதக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது நானே மேருவுக்குப் போனேன். மூன்று மணிக்கு ஷிப்ட் முடிகிறது. வாசலில் லோரிகளுக்கு ஒதுங்கி நின்றேன். மோட்டார் சைக்கிள்களாக வெளியே வந்துகொண்டிருந்தன. அவள் என்னைப் பார்த்ததும் வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினாள். நான் வழியெல்லாம் யோசித்து வைத்திருந்ததை ஒப்பித்தேன். தப்பு என்னுடையதுதான், மற்றவர்களுக்குத் தெரிந்த விவரம் உனக்குத் தெரியாமல் போய்விட்டது, அதனால்தான் உனக்கு இப்படி ஆயிற்று என்றேன்.

"எனக்குத் தெரியும் சார்" என்றாள். "மொத நாளே கேன்டீன்ல சொல்லிட்டாங்க."

தெரிந்துமா பார்க்கவில்லை என்று கேட்டேன்.

"போர்டுல உக்காந்தா நீங்க பக்கத்துல இருக்க மாட்டீங்களே சார். அதான் பாக்கல."

என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்றேன். மற்றவர்களுக்கும் வேலை இருக்கிறது, அவர்கள் வயிற்றில் அடித்து நான் மேலே போக வேண்டுமா என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் நான் அவளை மந்தம் என்று எழுதியது அவளுக்குத் தெரியும் என்பது அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. எழுதியது தப்பும்மா என்றேன். தலையை ஆட்டினாள். ஒன்பது வருடம் நின்ற இடம்தான் சார், பழகிவிட்டது, மறுபடி வந்து நாலாவது தடவையும் தோற்றால் வீட்டில் மூஞ்சியைக் காட்ட முடியாது என்றாள். ஹெல்மெட்டை மாட்டப் போனவள், கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இந்த தடவ எத்தன நிமிஷம் சார்?"

இந்தக் கேள்வியை நானும் சிவபாதமும் மூன்று வாரமாகப் பிய்த்துப் பிய்த்துப் பேசியிருந்தோம். நாலரை என்றால் அவளுக்காக வைத்ததாகிவிடும். ஆறு என்றால் எனக்காக. எட்டு என்றால் தொட்டி வழிகிறது. ஓர் ஆள் பார்த்து, சந்தேகப்பட்டு, இன்னொருவரிடம் கேட்டு, நிச்சயப்படுத்திக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகலாம்? இத்தனை வருடம் வாத்தியாராக இருந்தவனுக்குச் சொல்ல ஓர் எண் இல்லை. புதிய படிவத்தில் அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்தது. ஏதாவது ஒன்றைச் சொல்லி அவளைச் சம்மதிக்க வைக்கலாம் என்று ஒரு நொடி தோன்றியது. பொய் வாயில் வரவில்லை.

"தெரியலம்மா" என்றேன். "எவ்ளோன்னு எனக்கே தெரியல."

பின்னால் ஒரு லோரி ஹார்ன் அடித்தது. அவள் ஹெல்மெட்டை மாட்டி, வாரைக் கழுத்தடியில் இழுத்துப் பூட்டினாள்.

"அப்படின்னா பரீட்சைக்கு வரேன் சார்" என்றாள்.